பதவியோடு வந்த கைத்துப்பாக்கி

வட மாநில மாவட்டம் ஒன்றில் 1970-களில் பணியில் சேர்ந்த இளம் அரசு அதிகாரியின் வாழ்க்கையில் மூன்று பொருள்கள் தவறாமல் இடம்பெற்றன: ஒரு ஜீப், ஒரு கம்பிவழித் தொலைபேசி, ஒரு கைத்துப்பாக்கி. முதல் இரண்டும் அரசுக்குச் சொந்தம். மாறுதல் வந்தால் விட்டுச் செல்ல வேண்டும். மூன்றாவது அவருக்கே சொந்தம். ஊர் மாறினாலும், பதவி உயர்ந்தாலும், ஓய்வு பெற்றாலும் அது அவருடனேயே சென்றது.

மூன்றாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பின் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 700 ரூபாய். அந்த ஊதியத்தில் புதிய வெளிநாட்டு ரிவால்வர் வாங்குவது எளிதல்ல. ஆனால், ஓய்வு பெற்ற அதிகாரியோ, மறைந்த நிலக்கிழாரின் குடும்பத்தாரோ விற்க விரும்பும் பழைய வெப்லி அண்டு ஸ்காட் ரிவால்வரை வாங்குவது இயலாததும் அல்ல. வேண்டியது உரிமம் மட்டுமே. உரிமம் வழங்கும் அதிகாரம் படைத்தவர் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பித்தவரோ அந்த ஆட்சியரின் கீழ் பணிபுரியும் இளம் துணை ஆட்சியர். சாதாரண விவசாயி ஆண்டுக்கணக்கில் நடந்தும் நகராத கோப்பு, இவருக்குச் சில நாள்களிலேயே நகர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்று மணலில் தகர டப்பாக்களை வரிசையாக அடுக்கி வைத்துச் சுட்டுப் பழகியவர்கள் உண்டு. காவல் துறைப் பயிற்சி மைதானத்துக்குச் சென்று கண்காணிப்பாளரின் தயவில் சுட்டவர்களும் உண்டு. சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளையர்கள் உலவிய காலம் அது. 1972-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் நூற்றுக்கணக்கானோர் சரணடைந்த பின்னரும் அச்சம் முற்றிலும் அகன்றுவிடவில்லை. 1980-களில் பஞ்சாபிலும், 1990-க்குப் பின் காஷ்மீரிலும் பணியாற்றிய அதிகாரிகளுக்கு அச்சம் அன்றாட நடைமுறையாகவே இருந்தது. எனவே, அந்த இளைஞர்கள் துப்பாக்கி வாங்கியதை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், அரை நூற்றாண்டுக்குப் பின் திரும்பிப் பார்க்கையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தத் துப்பாக்கி எவரைப் பாதுகாத்தது? தனது ஊழியனைப் பாதுகாக்கும் பொறுப்பை அரசு நிறைவேற்றியதா, அல்லது உரிமச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்துக் கை கழுவியதா?

வெள்ளையர் வகுத்த படிநிலை

துப்பாக்கியைப் பதவியோடு பிணைக்கும் வழக்கம் சுதந்திர இந்தியா கண்டுபிடித்ததல்ல. 1857-க்குப் பிந்தைய அச்சத்தின் தொடர்ச்சியாக, லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-இல் கொண்டுவரப்பட்ட ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியர்களுக்கோ அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. யாருடைய இடுப்பில் ரிவால்வர் தொங்குகிறதோ அவர் ஆள்பவர். மற்றவர் ஆளப்படுபவர் என்பதே அதன் பொருள்.

இந்த அவமதிப்பைத் தேசியத் தலைவர்கள் மறக்கவில்லை. அகிம்சையைப் போதித்த மகாத்மா காந்தியே 1930-இல் இர்வின் பிரபுவிடம் முன்வைத்த 11 கோரிக்கைகளில், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. 1931-இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்திலும் விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இடம்பெற்றது. ஆனால், 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. திருத்தம் தோற்றது.

அம்பேத்கரின் நிலைப்பாடு சரியானதே. ஆயுதம் அடிப்படை உரிமையாகியிருந்தால், அதை வாங்க வசதி படைத்தவர்களும் ஆதிக்கச் சாதியினருமே அந்த உரிமையை முதலில் அனுபவித்திருப்பார்கள். அமெரிக்காவைப் போல் இங்கு ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது. ஆனால், உரிமை இல்லை என்றால் அது எவருக்கும் இல்லை என்று இருக்க வேண்டும். நடந்தது என்ன? உரிமை மறுக்கப்பட்டது, சலுகை மட்டும் உயிர்பிழைத்தது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1962-ஆம் ஆண்டு விதிகளும் ஐரோப்பியர், இந்தியர் என்ற பாகுபாட்டை ஒழித்தன. அந்த இடத்தில் அதிகாரி, சாமானியர் என்ற எழுதப்படாத பாகுபாடு வந்து அமர்ந்தது.

பறிமுதல் செய்தவையும் சிலருக்கே

1980-களின் நடுப்பகுதி வரை வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வருவோர் தமது உடைமைகளுடன் துப்பாக்கியையும் கொண்டுவர முடிந்தது. 1986-ஐ ஒட்டித் தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்குக் கதவு மூடப்பட்டது. பயங்கரவாதம் தலைதூக்கியிருந்த சூழலில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவே. ஆனால், அதன் விளைவாக நாட்டில் ஏற்கெனவே இருந்த வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. இளம் அதிகாரி ஒருவர் தமது சேமிப்பில் வாங்கிய பழைய ரிவால்வர், அவர் ஓய்வு பெறும்போது நகைக்கு நிகரான சொத்தாகிவிட்டது.

சுங்கத் துறையினர் பறிமுதல் செய்த துப்பாக்கிகளின் கதை இதைவிடச் சுவையானது. அவற்றை அழிக்காமல், நாடாளுமன்ற உறுப்பினர்கள் உள்ளிட்ட குறிப்பிட்ட பிரிவினருக்கு விற்பனை செய்யும் ஏற்பாடு பல ஆண்டுகள் நீடித்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் 2010-களின் தொடக்கத்தில் இந்த விவரங்கள் வெளியானபோதுதான், இப்படியொரு சந்தை இருப்பதே பொதுமக்களுக்குத் தெரிந்தது. கடத்தல் பொருள் என்று கைப்பற்றப்பட்டதை, சட்டம் இயற்றுபவர்களுக்கே அரசு விற்றது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

சாமானியருக்கு எஞ்சியது அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் தயாரிப்பு மட்டுமே. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை தயாரிக்கும் .32 விட்ட ரிவால்வர் அவற்றில் முதன்மையானது. 2014-இல் பெண்களின் பாதுகாப்புக்கென்று கான்பூரிலிருந்து 'நிர்பீக்' என்ற எடை குறைந்த ரிவால்வர் அறிமுகமானபோது அதன் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. இரவுப் பணி முடித்துப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண் எவரும் வாங்கக்கூடிய விலையா அது?

உரிமம் தரும் கை

உத்தரப் பிரதேசத்தில் துப்பாக்கி உரிமம் என்பது சமூக அந்தஸ்தின் அடையாளம். திருமண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவது கௌரவம். 2016 டிசம்பர் இறுதி நிலவரப்படி நாடு முழுவதும் நடைமுறையிலிருந்த உரிமங்கள் சுமார் 33.7 லட்சம் என்றும், அவற்றில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம் என்றும் மத்திய உள்துறை அமைச்சகத்தின் புள்ளிவிவரம் கூறியது. அதே கணக்கில் தமிழகத்தின் பங்கு சுமார் 22,500 மட்டுமே. துப்பாக்கி பெருகினால் பாதுகாப்பும் பெருகும் என்றால், நாட்டிலேயே மிகப் பாதுகாப்பான மாநிலமாக உத்தரப் பிரதேசம் விளங்கியிருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் இரண்டாவது இடம் ஜம்மு - காஷ்மீருக்கு, 3.69 லட்சம் உரிமங்கள். அந்த எண்ணிக்கையின் பின்னணி பின்னர் வெளிவந்தது. ராஜஸ்தான் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு 2017-இல் துலக்கிய முறைகேட்டை 2018 முதல் சிபிஐ விசாரித்தது. 2012-க்கும் 2016-க்கும் இடையே அந்த மாநிலத்தில் தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் அதிகமான உரிமங்கள் வழங்கப்பட்டதாக சிபிஐ குற்றம்சாட்டியது. உரிமம் வழங்கிய இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகள் சிலர் 2020-இல் கைதாயினர்.

இது தனித்த ஊழல் நிகழ்வு என்று கடந்து சென்றுவிடக் கூடாது. தனக்கும், தன் சகாவுக்கும், தன்னைக் காண வரும் பிரமுகருக்கும் தயக்கமின்றிக் கையெழுத்திடப் பழகிய கை, ஒரு நாள் பணத்துக்காகவும் கையெழுத்திடும். 1970-களின் இளம் அதிகாரிக்குச் சில நாள்களில் நகர்ந்த கோப்பில் லஞ்சம் இல்லை. நேர்மைக் குறைவும் இல்லை. ஆனால், 'நம்மவர்' என்பதற்காக விதி தளர்ந்தது. தளர்ந்த விதி பிறகு இறுகவேயில்லை.

குறி தவறும் ஆயுதம்

சலுகை இருக்கட்டும், பயனாவது இருந்ததா? திரைப்படங்களில் கதாநாயகன் ஓடியபடியே சுட்டு நாலு பேரை வீழ்த்துகிறான். உண்மையில் எல்லாத் துப்பாக்கிகளிலும் கையாளக் கடினமானது கைத்துப்பாக்கிதான். தோளில் அணைத்துச் சுடும் துப்பாக்கிக்கு உள்ள பிடிமானம் இதற்கில்லை. குழலின் முனையில் உள்ள குறிக்கும் பின்புறக் குறிக்கும் இடையே ஏறத்தாழ 10 செ.மீ. தொலைவே இருக்கும். அந்த இரண்டும் ஒரு மில்லி மீட்டர் விலகினால், 25 மீட்டர் தொலைவில் தோட்டா 25 செ.மீ. விலகிப் போகும். நடுங்கும் கையில், இருட்டில், திடீர்த் தாக்குதலின் நடுவில் ஒரு மில்லி மீட்டர் என்ன, ஓர் அங்குலமே விலகும்.

இதை வெல்ல ஒரே வழி இடைவிடாத பயிற்சி. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் பிரிவில் வெள்ளி வென்ற விஜய் குமாரும் ஓர் அரசு ஊழியர்தான், ராணுவத்தில் சுபேதார். ராணுவத்தின் பயிற்சிக் கூடமும், பயிற்சியாளரும், தோட்டாக்களும் அவருக்குப் பின்னால் நின்றன. ஆற்று மணலில் தகர டப்பாவைச் சுட்ட துணை ஆட்சியருக்கோ, உரிமத்தில் எழுதப்பட்ட சொற்ப எண்ணிக்கையிலான தோட்டாக்களே ஆண்டு முழுமைக்கும். அவற்றையும் 'ஆபத்துக்கு உதவும்' என்று அவர் சேமித்து வைப்பார். பயிற்சி இல்லாதவர் கையில் உள்ள ரிவால்வர், அதைப் பறித்துக்கொள்ள நினைப்பவனுக்கே அழைப்பு விடுக்கும்.

மேதினிப்பூரின் வரலாறும் அதையே சொல்கிறது. 1931-இல் பெடி, 1932-இல் டக்ளஸ், 1933-இல் பர்ஜ் என்று அந்த மாவட்டத்தின் ஆட்சியர்கள் மூவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் புரட்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயுதம் அவர்களுக்கு எட்டாப் பொருளா? பேரரசின் காவல் முழுவதும் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. முதலில் சுடத் துணிந்தவனின் முன் அது எதுவும் பயன்படவில்லை.

மூன்று இளைஞர்கள்

சுதந்திர இந்தியாவில் கடமையின்போது உயிரிழந்த மூன்று இளம் ஊழியர்களின் கதைகளை நாடு மறந்திருக்காது.

தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதினார். தமது பெயரை ரகசியமாக வைத்திருக்குமாறு வேண்டினார். கடிதம் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. பெயரும் சேர்ந்தே சுற்றியது. 2003 நவம்பர் 27-ஆம் தேதி கயையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளை முயற்சியில் நடந்த கொலை என்று புலனாய்வு முடிவுகட்டியது, மூவர் தண்டிக்கப்பட்டனர். பெயர் வெளியானது எப்படி என்ற கேள்விக்கு மட்டும் எவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி எஸ். மஞ்சுநாத்துக்கு அப்போது வயது 27. உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட எரிபொருள் விற்ற பெட்ரோல் நிலையத்துக்கு எதிராக நடவடிக்கை எடுத்தவர், மீண்டும் சோதனைக்குச் சென்றபோது 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மூன்றாமவர் இந்தியக் காவல் பணி அதிகாரி நரேந்திர குமார். மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில், சட்டவிரோதமாக வெட்டிய கல்லை ஏற்றி வந்த டிராக்டரைத் தடுக்க முயன்றபோது 2012 மார்ச் 8-ஆம் தேதி அது ஏற்றிக் கொல்லப்பட்டார். ஆயுதப் பயிற்சி பெற்ற காவல் அதிகாரிக்கே இந்த முடிவு.

முதலாமவருக்குத் தேவைப்பட்டது கைத்துப்பாக்கி அல்ல. அவரது பெயரைக் காக்கும் அலுவலகம். இரண்டாமவருக்குத் தேவைப்பட்டது சோதனைக்குத் துணையாக ஒரு காவல் குழு. மூன்றாமவருக்குத் தேவைப்பட்டது, சட்டவிரோதச் சுரங்கத்தை வேரோடு அறுக்கும் அரசியல் துணிவு. இவற்றில் எதையும் துப்பாக்கிக் கடையில் வாங்க முடியாது. துபேயின் மரணத்தைத் தொடர்ந்து எழுந்த குரலின் விளைவாக, முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. அதன் பின்னரும் நடைமுறைக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் ஏட்டிலேயே உறங்கியது அந்தச் சட்டம்.

கேட்பவர்களின் நியாயம்

2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் அளித்த கிராம நிர்வாக அலுவலர் தமது அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து, தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்ற கோரிக்கை தமிழகக் கிராம நிர்வாக அலுவலர்களிடமிருந்தும் எழுந்தது. அதை நகைப்புக்குரியது என்று தள்ளிவிட முடியாது. துப்பாக்கி கேட்பவர் உண்மையில் கேட்பது உயிருக்கு உத்தரவாதம். அரசு தராததால்தான் அதைக் கடையில் தேடுகிறார்.

இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. மணல் லாரியை நேருக்கு நேர் மறிப்பவர் கிராம நிர்வாக அலுவலர். மரக் கடத்தல்காரனைக் காட்டில் எதிர்கொள்பவர் வனக் காவலர். சலுகையாகக் கைத்துப்பாக்கி உரிமம் பெற்றவர்களோ பெரும்பாலும் மெய்க்காவலர் வைத்துக்கொள்ளும் தகுதியும் படைத்தவர்கள். ஆபத்து கீழ்மட்டத்தில், ஆயுதம் மேல்மட்டத்தில்.

அதற்காகக் கீழ்மட்டத்துக்கும் தனியார் துப்பாக்கியைப் பரப்புவது தீர்வாகாது. சொந்தத் துப்பாக்கியால் சுடும் அலுவலர், சட்டத்தின் கண்களில் தற்காப்பு உரிமை கொண்ட ஒரு குடிமகன் மட்டுமே. சுட்டது அவசியமா, அளவு மீறியதா என்று நீதிமன்றத்தில் அவர் தனியாகவே நின்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். அரசு அவர் பின்னால் நிற்காது.

செய்ய வேண்டியது என்ன?

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டத்துக்காகக் கவனமின்றிச் சுடுவதைக் குற்றமாக்கியது. அதற்கு முன்பே, 2016-ஆம் ஆண்டு விதிகள் ஆயுதம் கையாளும் பயிற்சியை வலியுறுத்தின. 2024 நவம்பரில், உரிமமற்ற ஆயுதங்களைக் கட்டுப்படுத்த மாநிலந்தோறும் தலைமைச் செயலர் தலைமையில் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், பதவிக்கும் துப்பாக்கிக்கும் இடையேயான முடிச்சை இவை அவிழ்க்கவில்லை.

பணியில் ஆபத்து உண்மையானது என்றால், ஆயுதமும் அரசுடையதாக இருக்கட்டும். பயிற்சி அளித்து, பணிக்காலத்துக்கு மட்டும் வழங்கி, மாறுதலின்போது ஜீப்பைப் போலவே திரும்பப் பெறட்டும். அரசு ஊழியரின் தனிப்பட்ட உரிம விண்ணப்பத்தை அவர் பணிபுரியும் மாவட்டத்தின் ஆட்சியர் முடிவு செய்யக் கூடாது. பதவியைக் காரணம் காட்டிப் பெற்ற உரிமம், பதவி முடியும் நாளில் மறுஆய்வுக்கு உள்ளாக வேண்டும். பறிமுதல் செய்த துப்பாக்கிகளைப் பிரமுகர்களுக்கு விற்கும் வழக்கத்துக்குச் சட்டத்தாலேயே நிரந்தரத் தடை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புகார் அளிக்கும் ஊழியரின் பெயரைக் காப்பது அரசின் கடமை என்பது ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது.

தேர்தல் வரும்போதெல்லாம் வட மாநிலக் காவல் நிலையங்களில் ஒரு காட்சியைக் காணலாம். நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததும் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கிகளை ஒப்படைக்க வரிசையில் நிற்பார்கள். அவர்களிடையே, துணியில் சுற்றிய பழைய ரிவால்வருடன் முதியவர்களும் நிற்பார்கள். இளமையில் அதிகாரியாக இருந்து, பதவியின் பலத்தில் அதை வாங்கியவர்கள். எழுத்தர் எண்ணைச் சரிபார்த்து ரசீது எழுதித் தருவார். அந்தச் சில வாரங்களும் முதியவர் ஆயுதமின்றியே உறங்குவார். அவருக்கு எதுவும் நேர்ந்துவிடுவதில்லை. தேர்தல் முடிந்ததும் ரசீதைக் கொடுத்துத் துப்பாக்கியைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்.

ஏன் திரும்பப் பெறுகிறார் என்று எந்த எழுத்தரும் அவரைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை அரசு கேட்கத் தொடங்கும் நாளில்தான் 1878-இல் தொடங்கிய கதை முடிவுக்கு வரும்.